சார் பார்த்த பிளான்

அத்தியாயம் 17

ரசலையன் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆயிற்று. போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

பொதுப்பணித் துறையில் கால்வாய், மதகு என்று முப்பத்திரண்டு வருஷம் எஞ்சினியராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, கருங்கல் பக்கத்தில் இருந்த தன் வீட்டின் கார் ஷெட்டில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கட்டட வேலை சொல்லிக்கொடுத்தார். பைசா வாங்கவில்லை. படித்து வேலைக்குப் போன பிள்ளைகளும் அவரை விடவில்லை. போடுகிற பிளானை எல்லாம் அவரிடம் கொண்டுவருவார்கள். ஓரத்தில் அவர் பச்சை மையில் ஒரு சரிக் குறியும் தேதியும் போட்டுத் தந்தால்தான் வேலை தொடங்கும். சட்டப்படி அந்தக் குறிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஊரிலோ அதைவிட மதிப்புள்ள காகிதம் கிடையாது.

கடைசி இரண்டு வருஷம் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. இது மனைவி லீலாபாய்க்கும், மகன் ஜெனினுக்கும், மகள் ஜெப்சிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகுப்பை வாயாலேயே நடத்தினார். பிளான்கள் உள்ளறைக்குப் போகும். ஜெப்சி எண்களை உரக்க வாசிப்பாள், அவர் காதால் கேட்டுச் சரி, தப்பு சொல்வார், அவர் சொன்ன பிறகு குறியை அவள் போடுவாள். இதில் தப்பொன்றும் இருப்பதாக மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி இன்றைய கதை.

நாற்பத்தொன்றாம் நாள். மத்தியானம் மூன்று மணிக்கு சர்ச் சபையின் புதுக் கூடத்தில் ரசலையனுக்கு நினைவுக் கூட்டம். காலை ஒன்பதரை மணிக்கு பெபிஷா வந்தாள். ரசலையனின் கடைசி மாணவர்களில் ஒருத்தி. இருபத்தைந்து வயது, கையில் சுருட்டிய காகிதம், முகத்தில் அழுகையும் பெருமையும் சரிபாதி.

"அக்கா, வாழ்க்கைக் குறிப்பு நீங்கதானே வாசிக்கப்போறிய? இதையும் ஒரு வரி சேத்து வாசிப்பியளா?"

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வாழ்க்கைக் குறிப்பு இல்லாமல் ஒரு மனிதரை அனுப்பிவைக்கவும் முடியாது, நினைவுகூரவும் முடியாது. பிறந்த தேதி, படித்த பள்ளி, செய்த ஊழியம், விட்டுச்சென்ற பிள்ளைகள் என்று அச்சடித்து, வந்தவர்கள் கையில் கொடுத்து, வீட்டில் ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். அந்தக் குறிப்புகளில் யாரும் கோபக்காரராக இருந்ததில்லை. யாரும் கடைசி நாள்களில் படுக்கையை நனைத்ததுமில்லை.

பெபிஷா காகிதத்தை மேஜையில் விரித்தாள். ஊர்ச் சபை புதிதாகக் கட்டிய கூடத்தின் பால்கனி. வாசலுக்கு மேலே, கீழே ஒரு தூண்கூட இல்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது. தூண் வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைக்கும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் அப்படி.

"நான் கொண்டுவந்ததுல சாரு கடைசியா பாத்த பிளான் இதாக்கும். மூணு மணிக்கு நாங்க எல்லாரும் அதுக்க மேலதான் இருக்கப்போறோம். அறுவது எழுவது பேரு வருவாவ. சாருக்க பிள்ளைய சாரு பாத்த பால்கனியில."

ஓரத்தில் பச்சைக் குறி. ஆகஸ்ட் பதினேழு.

ஜெப்சிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று அப்பா எதையும் கேட்கிற நிலையில் இல்லை. எப்போதோ செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சர்க்கரை இறங்கியதால் பிதற்றுகிறார் என்று அம்மா சொன்னாள். வாசலில் பெபிஷா காத்து நின்றாள், மறுநாள் கம்பி கட்ட ஆள் வருகிறதென்று அவளுக்கு அவசரம். ஜெப்சி காகிதத்தை முழுதாக விரிக்கவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை, இவள் என்ன தப்புப் போடப்போகிறாள் என்று ஓரத்தை மட்டும் மடக்கிக் குறியைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

எத்தனையோ பிளானில் அப்படி ஒன்றே ஒன்று. அது எந்தப் பிளான் என்பது இன்றுதான் தெரிந்தது.

பெபிஷா போனதும் ஜெப்சி கதவைச் சாத்திவிட்டுக் காகிதத்தின் மேல் குனிந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்தான், எஞ்சினியர் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவளுக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். கார் ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அப்பா ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து, கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்வார். எங்கே இழுக்குது என்று கேட்பார். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, தோளுக்கு மேலே சார் என்னும். அப்பம் கம்பி எங்க போடணும் என்பார். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் காங்கிரீட் பலகைக்குக் கம்பி மேல் பக்கம். அதை அவர் வாயால் சொன்னதே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் கை வலித்துத்தான் தெரிந்துகொண்டது. கண் போன பிறகு வாளிப் பாடம் நின்றுபோனது. பெபிஷா அதற்குப் பிறகு வந்தவள்.

பிளானில் கம்பி கீழே இருந்தது. மேலே பெயருக்கு நாலு கம்பி. ஆள் கூட்டமாக ஏறினால் சுவரோரம் மேலே பிளந்து ஒடிந்து விழும்.

ஜெப்சி மூன்று முறை பார்த்தாள். காகிதத்தைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தாள்.

உள்ளறையில் லீலாபாய் சாயங்காலம் கட்ட வேண்டிய வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"பைய பேசு. வெளிய ஆளிருக்கு."

"எழுவது பேரு ஏறப்போறாவ அம்மா."

"கட்டி முடிச்சு ரெண்டு மாசமாச்சு. நிக்குதுல்லா?"

"இதுவரைக்கும் யாரும் கூட்டமா ஏறல. இண்ணைக்குத்தான் முதல் தடவ."

"அதுக்கு? உனக்க அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, நாந்தான் குறி போட்டேன்னு மைக்குல சொல்லப்போறியா?" லீலாபாயின் குரல் இறங்கியது. "அப்பா எனக்க கையப் பிடிச்சுக் கேட்டாவ மக்கா. வெளிய தெரிஞ்சா பிள்ளைய வராம ஆயிருவாவ லீலா, பொறவு நான் எதுக்கு இருக்கணும்னு கேட்டாவ. நான் வாக்குக் குடுத்தேன். இண்ணைக்கு ஒரு நாள் அவரு அவராவே இருந்துட்டுப் போட்டும்."

ஜெப்சிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. சபைச் செயலாளருக்குப் போன் போட்டாள். பால்கனியில் இன்று யாரையும் ஏற்ற வேண்டாம், பிளானில் ஏதோ தப்பு இருக்குமோ என்று சந்தேகம் என்று இழுத்து இழுத்துச் சொன்னாள்.

செயலாளர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, பரிவாகத்தான் சிரித்தார். "ஜெப்சி, அது உனக்க அப்பா பாத்த பிளானாக்கும். அந்தப் பச்சை மையைப் பாத்துத்தான் கமிட்டியே சம்மதிச்சுது. நீ வெப்ராளப்படாத, பதறாத. துக்கத்துல மனசு இப்பிடித்தான் எதையாவது நினைக்கும். மூணு மணிக்கு அம்மையக் கூட்டிட்டு வந்து சேரு."

அவளே போட்ட குறி அவள் வாயை அடைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் ஜெனின் முற்றத்தில் நாற்காலி எடுத்துக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவன், நாளை மத்தியானம் திருவனந்தபுரத்தில் விமானம். ஊரில் பாதிப் பிள்ளைகளை எஞ்சினியராக்கிய மனுசனுக்குச் சொந்த மகன் ஆகவில்லை என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு, அப்பாவின் மாணவர்கள் என்றாலே அவனுக்கு ஒரு எரிச்சல் உண்டு. இன்று அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஜெப்சி எல்லாம் சொல்லி முடித்ததும், "கம்பி கட்டினது யாரு?" என்றான்.

"ததேயுஸ் மேஸ்திரி."

"அப்பம் பயப்படாத. அவரு நாப்பது வருசமா கம்பி கட்டுகாரு. பிளான்ல கீழன்னு இருந்தாலும் அவரு கை மேலதான் கட்டும். ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சு."

அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு முறை போன் போட்டார்கள், எடுக்கவில்லை. வீட்டில் கேட்டால், திற்பரப்பில் ஒரு லாட்ஜுக்கு இன்று மாடி காங்கிரீட், அந்த நாளில் போனைக் கையால் தொடமாட்டார் என்று மேஸ்திரியின் மனைவி சொன்னாள். மணி பதினொன்றரை. ஜெனின் பக்கத்து வீட்டு பைக்கை வாங்கினான்.

மார்த்தாண்டத்தைக் கடப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. பாலத்துக்குக் கீழே ஒரு லாரி குறுக்கே நின்றது. அவனவன் ஹாரனை அமுக்கினான். ஜெப்சி பின்னால் உட்கார்ந்து ஜெபிக்க முயன்றாள். மேல இருக்கணும் ஆண்டவரே, கம்பி மேல இருக்கணும் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கட்டி முடிந்து ரெண்டு மாசமான கம்பியை ஆண்டவர் இனி எப்படி மாற்றுவார் என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

திற்பரப்பில் அருவிக்குப் போகும் வேன்கள் வரிசையாக நின்றன. ஈரத் தலையோடு ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தது. லாட்ஜ் மாடியில் காங்கிரீட் முடியும் நேரம். ததேயுஸ் மேஸ்திரி முழங்கால் வரை சிமெண்டோடு இறங்கி வந்தார். ஆளைத் தெரிந்ததும் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாருக்க மோளா? நான் சாயங்காலம் கூட்டத்துக்கு வந்திருப்பேன் பிள்ளே. இதை விட்டுட்டு வரமுடியல."

"மேஸ்திரி, சபைக் கூடத்துப் பால்கனிக்குக் கம்பி மேலதானே கட்டினிய?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கீழ," என்றார்.

ஜெனினுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கா தெரியாது?"

"தெரியும் தம்பி. மொதல்ல நான் மேலதான் கட்டினேன். பாதி கட்டினப்பம் அந்தப் பெபிஷாப் பிள்ளை வந்து, மேஸ்திரி பிளான்ல கீழயில்லா இருக்குன்னு சொல்லிச்சு. நான் ஒத்துக்கல, நல்ல சண்டை போட்டேன். அப்பம் அது பிளானுக்க ஓரத்தைக் காட்டிச்சு. சாருக்க பச்சை மை. சாரு பாத்த பொறவு நான் யாரு? சாரு புதுசா ஏதும் கணக்கு கண்டுபிடிச்சிருப்பாருன்னு நினைச்சேன். கட்டினத பூரா அவுத்துக் கீழ கட்டினேன்."

ஜெப்சி பைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சென்ட்ரிங் பலகையப் பிரிச்சப்பம் சுவரு ஓரத்துல நூலு கனத்துல ஒரு வெடிப்புக் கோடு கண்டேன்," என்றார் மேஸ்திரி. "எனக்கு மனசு கேக்கல. ஆனா சாரு பாத்ததுல்லா. அதுக்க மேல டைல்ஸும் ஒட்டியாச்சு. எதுக்குப் பிள்ளே இப்பம் கேக்குத?"

"அப்பா அதைப் பாக்கல மேஸ்திரி. அப்பாவுக்கு ரெண்டு வருசமா கண்ணு தெரியாது. அந்தக் குறி நான் போட்டது. பிளான விரிச்சுப் பாக்காம போட்டேன்."

முதல் தடவையாக அதை ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டாள். ததேயுஸ் மேஸ்திரி பக்கத்திலிருந்த மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்தார். நாற்பது வருஷ அனுபவத்தைத் தன் கையாலேயே அவிழ்த்துப் போட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிக்காதிய, போங்க," என்றார். "கீழருந்து முட்டுக் குடுக்காம அதுல ஒரு ஆளு ஏறக்கூடாது. போங்க."

திரும்பும் வழியில் செயலாளர் போனை எடுக்கவில்லை, பெபிஷாவும் எடுக்கவில்லை. கூட்டத்துக்கு எல்லாரும் போனை அணைத்துவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் ஜெனின் ஒரு பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் பைக்கை நுழைத்தான். எவனோ கெட்ட வார்த்தை சொன்னான். மூன்று பத்துக்குக் கூடத்து வாசலில் நின்றார்கள். உள்ளே பாட்டு முடிந்திருந்தது.

பால்கனி நிறைந்து வழிந்தது.

உட்கார இடமில்லாமல் முன்பக்கக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுரிதார். அப்பா இருந்திருந்தால் ஒவ்வொரு குரலையும் கேட்டே பெயர் சொல்லியிருப்பார். ஜெனின் படியில் தாவி ஏறினான். கீழே இறங்குங்க என்று அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சாரின் மகன் நம்மோடு உட்கார வந்திருக்கிறார் என்று நாலு பேர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இப்போது அதன் மேல் அவனும் இருந்தான்.

"இப்பொழுது மகள் ஜெப்சி வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பாங்க," என்று செயலாளர் அறிவித்தார்.

அவள் நடுவழியாக ஓடினாள். துக்க வீட்டுப் பெண் இப்படி ஓடுவாளா என்று சனம் திரும்பிப் பார்த்தது. மைக்கைப் பிடித்ததும் மூச்சு வாங்கியது. அச்சடித்த காகிதத்தை யாரோ கையில் திணித்தார்கள். கடைசி மூச்சு வரை மாணவர்களின் வரைபடங்களைத் தம் கண்ணால் சரிபார்த்துக் கொடுத்தார் என்ற வரி முதலில் கண்ணில் பட்டது. எழுதியதும் அவள்தான்.

"இது பொய்," என்றாள்.

காகிதத்தை மடக்கினாள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருசமா தெரியாது. நான் வாசிப்பேன், அப்பா சொல்லுவாரு, நான் குறி போடுவேன். இந்தப் பால்கனிக்க பிளான அப்பா கேக்கவும் இல்ல, நான் வாசிக்கவும் இல்ல. அதுல கம்பி தப்பான பக்கத்துல இருக்கு. மேஸ்திரியக் கண்டு கேட்டுட்டு வாறேன். தயவுசெஞ்சு மேல இருக்கியவங்க இறங்குங்க."

ஒருவரும் அசையவில்லை. பால்கனியிலிருந்து ஒரு பையன், குரலில் அழுகையோடு, "அக்கா, சாருக்கா கண்ணு தெரியாது? போன ஈஸ்டருக்கு எனக்க பச்சை சட்டை நல்லாருக்குன்னு சொன்னாரே," என்றான்.

நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாதான் அதை அப்பாவின் காதில் சொன்னாள். அன்று இரண்டு பேரும் சிரித்தது ஜெப்சிக்குத் தெரியும்.

செயலாளர் வந்து மெதுவாக மைக்கை வாங்கினார். "பிள்ளைக்கு நாற்பது நாளா நல்ல தூக்கம் இல்ல. நாம எல்லாரும் அவளுக்காக ஜெபிப்போம்."

"ஜெபம் பொறவு," என்று ஜெப்சி கத்தினாள். மைக் இல்லாத குரல் பாதிக் கூடத்துக்குத்தான் எட்டியது. மேலே எழுபது பேர் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. யார் காலிலாவது விழலாம் என்றால் யார் காலில் விழுவது? முன் வரிசையைப் பார்த்தாள்.

லீலாபாய் எழுந்து நின்றாள்.

செயலாளர் ஜெபத்தை நிறுத்தினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. சாருக்குக் கண்ணு..."

லீலாபாய் அவரைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி, பால்கனியைப் பார்த்துப் பேசினாள்.

"கண்ணு மட்டுமில்ல மக்களே. போன ஜூலை மாசம் ஒரு நாள் நான் காப்பி கொண்டு குடுத்தேன். வாங்கிட்டு, நீங்க எந்த வீட்டு அம்மான்னு எங்கிட்ட கேட்டாவ. அதுக்குப் பொறவு அவருக்கு நான் யாருன்னு தெரிஞ்சதே இல்ல. இதை நான் எனக்க பிள்ளைகளுக்கும் சொல்லல." மகள் பக்கம் கையை நீட்டினாள். "அவ சொல்லுகது நெசம். இறங்குங்க."

அப்போதுதான் பால்கனி அசைந்தது, அதாவது அதன் மேல் இருந்த சனம். ஜெப்சிக்குத் தன் டீச்சர் குரல் திரும்பி வந்தது. ஓடாண்டாம், முன்னால கைப்பிடியில நிக்கியவங்க முதல்ல, ஒவ்வொருத்தரா என்றாள். ஜெனின் மேலே படி முகப்பில் நின்று ஒவ்வொரு தோளாகத் தொட்டு அனுப்பினான். பாதி இறங்கியிருக்கும்போது சுவரோரம் டைல்ஸில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஜெனின் கடைசி ஆளை அனுப்பிவிட்டு இறங்கியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பால்கனி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பெபிஷா ஜெப்சியின் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று ஜெப்சி நினைத்தாள்.

"அப்பம் அதை யாருமே பாக்கலியா அக்கா?" என்றாள் பெபிஷா. "நான் தப்புப் போட்டா சாரு பிடிச்சிருவாருன்னுதான் நான் ரெண்டாவது தடவ பாக்கவே இல்ல."

ஜெப்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா சொன்ன மாதம் மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஜூலை. ஜூலைக்குப் பிறகும் அவள் எண்களை வாசித்திருக்கிறாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, செரி மக்கா, செரி என்று சொல்லியிருக்கிறார். முன்னெல்லாம் பத்துக்கு ஆறு பிளானில் தப்புக் கண்டுபிடிக்கிறவர், அந்த மாதங்களில் ஒன்றில்கூடக் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். "அக்கா, எனக்க பிளான் செப்டம்பர்ல பாத்துத் தந்தது."

"எது?"

"அங்கன்வாடிக்க மாடி. போன வாரம் திறந்தாச்சு. முப்பது பிள்ளைய இருக்கு."

ஜெப்சி செயலாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். இந்த முறை அவர் தடுக்கவில்லை. "ஜூலைக்குப் பிறகு எங்க அப்பாக்க பச்சை மை வாங்கினவங்க எல்லாரும் கையத் தூக்குங்க," என்றாள்.

சனிக்கிழமைகளில் பழகிய பிள்ளைகள். கேள்வி கேட்டதும் கைகள் எழுந்தன. அவள் முன் வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். பதினாலு கை, பதினாலு பிளான். பின்னால் கதவருகே நின்ற ஒருவன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.